கருப்பொருட் குறுக்கெழுத்தும் கரந்துறை இன்பமும்

1. முன்னுரை

குறுக்கெழுத்துப் புதிர் பொழுதுபோக்கென்றே பலராலும் கருதப்படுகின்றது. இலக்கண இலக்கிய ஆராய்ச்சிக்கு உரிய களத்தில் அதற்கு இடமுண்டோ என ஐயுறுவாரும் உளர். ஆயினும், சொல்லைப் பிரித்தல், சேர்த்தல், எழுத்தைக் குறைத்தல், கரத்தல், இருபொருள்பட மொழிதல் ஆகிய செயல்களே அப்புதிரின் உறுப்புகளாக இருத்தலையும், அவையனைத்தும் நம் இலக்கண நூலார் வகுத்துப் பெயரிட்டவையாக இருத்தலையும் நோக்குமிடத்து, அவ்வையம் நிலைபெறாது. தமிழில் கருப்பொருள் ஒன்றைப் பற்றி அமையும் மறைகுறிப்புக் குறுக்கெழுத்து எவ்வாறு இயல்கின்றது, அதனை விடுவிப்பார் எய்தும் இன்பம் எத்தகையது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். எடுத்துக்காட்டாகப் பாலாற்றங்கரைத் தோல் நிலத்தைக் கருவாகக் கொண்டு யாம் இயற்றிய புதிரொன்றின் குறிப்புகளையே பெரிதும் காட்டுவோம். திருப்பத்தூர் மாவட்டத்து நாட்றம்பள்ளி அப்புதிரின் நடுவண் நிற்கும் ஊராகும். ஏன் அவ்வூர் என்பது பின்னர் விளங்கும்.

2. தோற்றமும் பரவலும்

1913ஆம் ஆண்டு திசம்பர் 21ஆம் நாள் நியூயார்க்கு நகரத்து ‘நியூயார்க்கு வேர்ல்டு’ என்னும் செய்தித்தாளில் ஆர்தர் வின் என்பார் வெளியிட்ட புதிரே இன்றைய குறுக்கெழுத்தின் முதல் வடிவம் என்பர். அது நேர்ப்பொருள் வினாக்களால் ஆயது. அப்புதிர் இங்கிலாந்திற்குச் சென்றபின் வேறோர் உருக்கொண்டது. 1920களின் நடுவில் எட்வர்டு பொவிசு மாதர்சு என்னும் புலவர், ‘டார்க்குவிமாடா’ என்னும் புனைபெயரில், சொல்வது ஒன்றும் குறிப்பது பிறிதொன்றுமாக அமைந்த குறிப்புகளையே கொண்ட புதிர்களை இயற்றலானார். 1930ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் இலண்டன் ‘டைம்சு’ இதழும் குறுக்கெழுத்தை மேற்கொண்டது. மாதர்சு மறைந்தபின், 1939 முதல் ‘அப்சர்வர்’ இதழில் அவர் இடத்தை ஏற்ற மக்நட்டு என்பார், குறிப்புகள் இயற்றுவார்க்கு முறைகளை வரையறுத்தார். அம்முறைகளை விளக்கும் அவரது நூல் 1966இல் வெளிவந்தது.

இவ்விருவரும் சூடிய புனைபெயர்கள் நோக்கத்தக்கன. டார்க்குவிமாடா, சிமனீசு என்னும் இரண்டும் இசுப்பானிய நாட்டில் சமய விசாரணையின் பெயரால் மாந்தரை வருத்திய தலைவர்களின் பெயர்களாம். விடுவிப்பாரை வருத்துவதே தம் தொழில் என நகைச்சுவையாக அவர்கள் உணர்த்தினர். நம் முன்னோரும் இத்தகைய அருஞ்செய்யுளை மிறைக்கவி என்றனர். மிறை என்பதற்குத் துன்பம் என்பது ஒரு பொருள். ஒருவரையொருவர் அறியாத இரு மரபினர், இன்பந் தரும் ஒன்றிற்குத் துன்பத்தாற் பெயரிட்டமை வியப்பே. விரும்பி ஏற்கும் சிறுதுன்பமே இவ்வின்பத்தின் வாயில் என்பது இருவர்க்கும் புலனாயிற்றுப் போலும்.

தமிழில் குறுக்கெழுத்து, பரிசுப் போட்டியாகவே முதலிற் பரவியது. 1930களில் ஆனந்த விகடன் நடத்திய போட்டிகள் பெரும்புகழ் பெற்றன. அக்காலப் பரிசுப் போட்டிகள் பலவற்றில் ஒரு கட்டத்திற்கு இரண்டு மூன்று எழுத்துகள் ஒருங்கே பொருந்தும். அவற்றுள் நடத்துவோர் முன்னரே முடிவு செய்து வைத்த எழுத்து எதுவோ அதுவே விடையாம். ஆதலின் வென்றது அறிவோ ஊழோ என்னும் வினா எழுந்தது. எழுத்துகளையும் சொற்களையும் கூட்டியும் மாற்றியும் விடை காணும் பரிசுப் போட்டிகளை வரையறை செய்து இந்திய நாடாளுமன்றம் 1955ஆம் ஆண்டில் சட்டம் இயற்றியது. ஒரு மாதத்திற்கு 1000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசை அது விலக்கியது. அச்சட்டத்தை எதிர்த்துச் சமர்பாக்வாலா என்பார் தொடுத்த வழக்கில், 1957ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் திறமையாற் பெறும் வெற்றியையும் நற்பேற்றாற் பெறும் வெற்றியையும் பிரித்துக் காட்டி, பின்னதற்கே அச்சட்டம் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது.

மறைகுறிப்புப் புதிர் நிற்பது இவ்வெல்லைக் கோட்டிற்கு இப்பால் என்பது தெளிவு. அதன் விடை ஒன்றே. அவ்விடை அதுவேயெனக் குறிப்பே சான்று கூறும். அமெரிக்கத் தமிழர் மாத இதழாகிய ‘தென்றல்’ முதலியவற்றில் இவ்வகைத் தமிழ்ப் புதிர்கள் வெளிவந்துள்ளமையால், இம்முறை தமிழிற்கு இயலாதென்பார் கூற்றும் மறுக்கப்பட்டதாயிற்று.

3. குறிப்பின் இருகூறு

மறைகுறிப்பு ஒவ்வொன்றும் இரு கூறுடையது. ஒரு கூறு விடையின் பொருளைச் சுட்டும். மற்றொரு கூறு விடையின் எழுத்துகளைச் சுட்டும். முன்னதைப் பொருட்கூறு என்றும் பின்னதைச் சொற்கூறு என்றும் ஈண்டு வழங்குவோம். இரண்டும் ஓரிடத்தே சென்று கூடின் விடை உறுதியாகும். குறிப்பின் முகப்புப் பொருளோ இவ்விரண்டையும் மறைக்கும் திரையேயாகும். ஓர் எடுத்துக்காட்டு:

விடைக்குள் பழைய ஐந்து புகுந்து காலடியில் கிடக்கிறது (4)

இதனைப் படிப்பார், தேர்வுத்தாளில் தவறாகப் புகுந்த எண்ணொன்றை நினைப்பர். தொல்காப்பியக் கிளவியாக்கத்தைப் பயின்றார்க்குச் ‘செப்பு’ என்பது விடையென நினைவு வரும். ஐந்தென்னும் எண்ணின் பழந்தமிழ் வடிவம் ‘ரு’ எனும் எழுத்தை ஒத்தது. செப்பினுள் ரு புகுந்தால் ‘செருப்பு’ ஆகும். காலடியில் கிடப்பதும் அதுவே. பிறைக்கோட்டினுள் உள்ள 4 என்பது விடை கொள்ளும் கட்டங்களின் எண்ணிக்கை.

உள்ளுறை உவமத்தோடு இதனை ஒப்பிடத் தோன்றும். ஆனால் இரண்டிற்கும் வேற்றுமை உண்டு. உள்ளுறையில் வெளிப்படைப் பொருளும் நிற்கும். அதன் வழியாகவே உட்பொருள் சிறக்கும். குறுக்கெழுத்துக் குறிப்பில் உட்பொருள் தெரிந்தவுடன் முகப்புப் பொருள் வீழ்ந்துபடும். தேர்வுத்தாளை நாம் மீண்டும் நினையோம். எனினும் நல்ல குறிப்பில், வீழ்ந்த முகப்பும் விடையோடு ஏதோ ஓர் உறவுடையதாக எஞ்சி நிற்பதுண்டு. அவ்வகையைக் கருப்பொருட் பகுதியிற் காண்போம்.

4. முன்னோர் வழி

பிசி என்னும் புதிர்வகையைத் தொல்காப்பியர் செய்யுளியலில் எடுத்தோதுகின்றார். ஒப்புமையாற் பொருளை உணர்த்துவது ஒன்று, தோன்றும் இயல்பைக் கூறித் துணியச் செய்வது மற்றொன்று என அஃது இருவகைப்படும். நாட்டுப்புற விடுகதைகள் அனைத்தும் இவ்விரண்டனுள் அடங்கும். ஆயினும் பிசியில் பொருட்கூறு மட்டுமே உண்டு. சொற்கூறு வேண்டுமாயின் நாம் தண்டியலங்காரத்துச் சொல்லணியியலுக்குச் செல்லவேண்டும்.

அங்குச் சொல்லப்படும் சித்திரகவிகளுள் பல குறுக்கெழுத்தின் உறுப்புகளோடு நெருங்கிய ஒப்புமை உடையன. ஒரு செய்யுளுள் மற்றொரு செய்யுளை ஒளித்து வைப்பன காதைகரப்பும் கரந்துறைச் செய்யுளும். எழுத்தை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்குவது எழுத்து வருத்தனம். ஒவ்வொன்றாக நீக்கி ஆக்குவது அக்கரச்சுதகம். முதலிலிருந்தும் ஈற்றிலிருந்தும் ஒருபடியே படிக்க அமைவது மாலைமாற்று. திருஞானசம்பந்தர் மூன்றாம் திருமுறையில் ஒரு பதிகம் முழுதும் இவ்வாறு பாடியுள்ளமை அறிந்ததே. அறுபத்து நான்கு கட்டங்களில் எழுதி நாற்புறமும் படிக்க அமைவது சருப்பதோபத்திரம். நாகபந்தத்தில் பின்னிய பாம்புகள் சந்திக்கும் இடத்து எழுத்துகள் இரு வழிக்கும் பொதுவாக நிற்கும். இரு சொற்கள் ஒரு கட்டத்தைப் பகிரும் குறுக்கெழுத்தின் அடிப்படை இதுவேயன்றோ?

இவையனைத்தினும் குறிப்பிற்கு மிக அணித்தாக உள்ளது வினாவுத்தரம். பல வினாக்களின் விடைகளைக் கூட்ட ஒரு பெயர் தோன்றுவது அது. கன்று குடிப்பது யாது? பால். சுவை எத்தனை? ஆறு. இரண்டும் கூடிய நதி யாது? பாலாறு. இவ்வினாக்களின் வினா வடிவத்தை நீக்கி ஒரே தொடராக்கின் மறைகுறிப்பு ஆகிவிடும்:

கறந்ததும் சுவைத்தொகையும் கலந்து வேலூரில் ஓடுவது (3)

வினாவுத்தரம் கேட்பவன் தான் கேட்பதை மறைப்பதில்லை. குறிப்பு இயற்றுபவனோ தான் கேட்கின்றான் என்பதையே மறைக்கின்றான். இதுவே இரண்டிற்கும் உள்ள வேறுபாடு. காளமேகப் புலவரின் சிலேடைகளில் இருபொருளும் முன்னரே கூறப்படும். பாம்பிற்கும் எலுமிச்சைக்கும் சிலேடை என்ற தலைப்பின் துணைகொண்டே நாம் படிக்கின்றோம். தலைப்பை மறைத்துவிட்டுப் பாடலை மட்டும் ஒருவரிடம் கொடுத்து இருபொருளையும் காண்க என்றால், அவர் செய்யும் வேலை புதிர் விடுவிப்பார் வேலையாகும்.

5. எழுத்தும் கட்டமும்

ஆங்கிலப் புதிரில் கட்டம் ஒன்றிற்கு எழுத்து ஒன்று. தமிழிலும் அவ்வாறே. ஆயின் தமிழ் எழுத்து உயிர்மெய்யாகவும் நிற்பதால் இங்கு எழும் சிக்கல்கள் தனிப்பட்டவை.

முதலாவது, மொழிமுதல் வரையறை. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலாகாது. உயிர்மெய்களுள்ளும் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்னும் வரிசைகள் தமிழ்ச்சொற்கு முதலாகா. ஆகவே, குறுக்காக எழுதிய ஒரு சொல்லின் எந்த எழுத்திலிருந்து கீழ்நோக்கிய சொல் தொடங்கலாம் என்பது இலக்கணத்தால் வரையறுக்கப்படுகின்றது. நாட்றம்பள்ளி என்னும் பெயரைக் கட்டங்களில் எழுதினால் நா, ட், ற, ம், ப, ள், ளி என ஏழு கட்டங்கள் வேண்டும். இவற்றுள் கீழ்நோக்கிய சொல்லுக்கு முதலாகத் தக்கவை நா, ப என்னும் இரண்டே. ஏனைய ஐந்தும் பிற சொற்களின் இடையிலோ ஈற்றிலோதான் பொருந்தும். தமிழ்க் குறுக்கெழுத்தின் வலைப்பின்னல் ஆங்கிலத்தை விட அரிது என்பதற்கு இவ்வொரு பெயரே சான்று.

நம் வார மாத இதழ்களின் எளிய குறுக்கெழுத்துகளில் ‘இடமிருந்து வலம்’, ‘மேலிருந்து கீழ்’ என்பவற்றோடு ‘வலமிருந்து இடம்’, ‘கீழிருந்து மேல்’ என்னும் திசைகளும் இருத்தலைக் காண்கின்றோம். ஆங்கிலப் புதிர்களில் இவ்வழக்கம் பெரும்பாலும் இல்லை. மொழிமுதல் வரையறையின் இறுக்கத்தைத் தளர்த்தவே இத்திசைகள் புகுந்தன எனக் கருதலாம். ம் என்னும் எழுத்தில் ஒரு சொல் தொடங்க இயலாது. ஆனால் அங்கே முடிய இயலும். எனவே திசையை மாற்றினால் அக்கட்டமும் பயன்படும்.

இரண்டாவது, எழுத்து இடமாற்றம். நகரம், நரகம் என்னும் இரு சொற்களிலும் ந, க, ர, ம் என்னும் நான்கு எழுத்துகளே உள்ளன.

நகரம் நிலைகுலைந்தால் தீவினையாளர் சேருமிடம் (4)

இதில் ஐயமில்லை. ஆனால் படகு, பகடு என்பவற்றை நோக்குக. கண்ணுக்குப் புலனாகும் எழுத்துகள் ப, ட, கு எனவும் ப, க, டு எனவும் வேறுபடுகின்றன. உயிரும் மெய்யுமாகப் பிரிப்பின் இரண்டிலும் உள்ளவை ப், ட், க் என்னும் மெய்களும் அ, அ, உ என்னும் உயிர்களுமே. படகைக் கலைத்து எருதாகிய பகட்டை ஆக்கலாமோ, ஆகாதோ? உயிர்மெய் என்பது கூட்டெழுத்தே என்னும் இலக்கணக் கொள்கை ஆம் என்னும். கட்டத்தில் எழுதும் கை ஆகாது என்னும். விடுவிப்பார்க்கு எழுத்தே கண்ணிற்படுவதாகலின், உயிர்மெய்யைப் பிளவாமையே முறை என்பது எம் கருத்து. பிளக்க வேண்டின் அதனைக் குறிப்பிலே உணர்த்தல் வேண்டும்.

மூன்றாவது, தலைகீழாக்கல். மெய்யீற்றுச் சொல் எதுவும் தலைகீழாகி மற்றொரு சொல்லாக இயலாது. தோல் என்பதைத் திருப்பினால் சொல்லே இல்லை. ஆதலின் உயிரீற்றுச் சொற்களே இதற்குரியன. ‘திரும்பி வந்த கைதியைக் கண்டு மலைத்து நில் (2)’ என்னும் குறிப்பிற்கு விடை ‘திகை’.

6. புணர்ச்சியும் கட்டக் கணக்கும்

சொற்களை ஒட்டி விடையாக்கும் வகையே தமிழில் மிகச் செழித்தது. ஆங்கிலத்தில் நான்கெழுத்தும் மூன்றெழுத்தும் கூடின் ஏழெழுத்தாம். தமிழில் அக்கணக்குப் பொருந்தாது. புணர்ச்சி இடையே நின்று கணக்கை மாற்றும். மூன்று எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

மேலே காட்டிய பாலாறு என்பதில் பால், ஆறு என்பன இவ்விரு கட்டங்கள் கொண்டவை. ஈற்று மெய்மேல் உயிர் ஏறுதலால் நான்கு கட்டங்கள் மூன்றாகின்றன. அடுத்தது:

நஞ்சுடன் கனியாதது சேரத் தோலுக்கும் நன்று, வயிற்றுக்கும் நன்று (5)

நஞ்சு என்பது கடு. கனியாதது காய். இரண்டும் புணர வல்லெழுத்து மிக்குக் கடுக்காய் ஆகின்றது. நான்கு கட்டங்கள் ஐந்தாகின்றன. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் தோல் பதனிடுதற்குத் தொன்றுதொட்டுப் பயன்பட்ட துவர்ப்பொருள்கள் என்பதும், கடுக்காய் வயிற்று நோய்க்கு மருந்தாதலும் பலரறிந்தவை. நஞ்சென்று தொடங்கி நன்றென்று முடிதலால் முகப்புப் பொருளிலும் ஒரு முரண் அமைந்தது. மூன்றாவது:

கலைமகள் அழகை இசைத்து அடைந்த ஊர் (6)

வாணி, அம், பாடி என்பன உறுப்புகள். அம் என்பது அழகைக் குறிக்கும். வாணியும் அம்மும் புணர உடம்படுமெய் தோன்றுகின்றது. ஓரெழுத்துத் தோன்றியும் கட்டக் கணக்கு மாறவில்லை என்பது கருதற்பாலது. அகரம் இருந்த கட்டத்தில் யகரம் அமர்ந்தது, அவ்வளவே. இலக்கண நூலார் ‘தோன்றல்’ என்பதும், கட்டத்தின் பெருக்கமும் ஒன்றல்ல என்பதை மாணவர் இவ்விடத்தே தாமே கண்டறிவர். கரும்பலகையில் விதியெழுதி விளக்குவதினும், விடையை எழுதக் கட்டம் போதாமல் ஒருமுறை திகைத்த மாணவன் புணர்ச்சியை மறவான் என்பது யாம் கண்ட உண்மை.

7. குறைத்தலும் கரத்தலும்

எழுத்தைக் குறைத்து விடையாக்கும் குறிப்புகட்கு வேண்டிய சொற்களை நம் இலக்கணமே ஆக்கி வைத்துள்ளது. முதற்குறை, இடைக்குறை, கடைக்குறை என்னும் மூன்றும் குறிப்பினுள் அப்படியே அமையத்தக்கன.

கடைகுறைந்த தோல்வி, ஆம்பூரின் வெற்றி (2)

தோல்வி என்பதன் ஈற்றெழுத்து நீங்க ‘தோல்’ ஆகும். ஆம்பூரின் வாழ்வு தோலாலும் காலணியாலும் அமைந்தமையால் பொருட்கூறும் பொருந்துகின்றது. இதே விடைக்கு மற்றொரு குறிப்பு:

வனப்பெட்டனுள் ஒன்றைப் பதனிட்டுக் காலுக்கு அணிவர் (2)

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் எண்வகை வனப்புகளுள் தோல் என்பதும் ஒன்று. முன்னைய குறிப்பு எழுத்தால் விடை தந்தது. பின்னையது இருபொருளால் தந்தது. கேடகம், யானை என்னும் பொருள்களும் தோலுக்கு உண்மையின், ஒரே விடைக்கு இன்னும் பல குறிப்புகள் இயற்றலாம். பலபொருள் ஒருசொற்களைத் தொகுத்த நிகண்டுகள், குறிப்பு இயற்றுவார்க்குக் கருவூலம் ஆதல் இதனால் விளங்கும்.

கரந்துறை வகைக்கு ஒன்று காட்டி அமைவோம்:

விவசாயம் தன்னகத்தே கரந்து வைத்த நிறம் (3)

விவசாயம் என்னும் சொல்லின் பிற்பகுதியில் ‘சாயம்’ ஒளிந்திருக்கின்றது. விடை கண்டபின்னரும் இக்குறிப்பின் முகப்புப் பொருள் நம்மை விட்டு நீங்காது நிற்பதைக் காண்க. உழவினுள் சாயம் புகுந்தது எவ்வாறு என்னும் வினா உள்ளத்தில் எழுகின்றது. இதுவே அடுத்த பகுதிக்கு வழியாகின்றது.

8. கருப்பொருள்

புதிரின் விடைகள் பல ஒரு பொருளைப் பற்றியனவாக அமைவதே கருப்பொருட் குறுக்கெழுத்து. அது மூவகைப்படும். கரு இன்னதென முன்னரே கூறித் தொடங்குவது ஒன்று. விடைகளுள் ஒன்றே கருவாக நின்று, ஏனையவற்றின் குறிப்பில் அதன் எண் மட்டும் சுட்டப்படுவது மற்றொன்று. கருவுண்டு என்பதையே கூறாது விடுத்து, விடுவித்தபின் தானே தோன்றச் செய்வது மூன்றாவது.

தமிழ் பயின்றார்க்கு இம்மூன்றாம் வகை புதிதன்று. குறிஞ்சி என்று கூறாமலே தினையும் கிளியும் வேங்கையும் வந்தவுடன் திணையை உணர்கின்றோமன்றோ? எம் புதிரை விடுவிப்பார்க்கு முதலிற் கடுக்காய் கிடைக்கும். மருந்துப் பொருள் போலும் என்பர். பின் செருப்புக் கிடைக்கும். தொடர்பு தோன்றாது. தோல் கிடைத்தவுடன் முன்னிரண்டும் ஒளிபெறும். உடனே பாலாற்றங்கரை விரியும். வாணியம்பாடி தானே வரும். இறுதியில் வரும் விடைகளைக் குறிப்பின் துணையின்றியே ஊகிக்கலாகும். அறியாதன அறிந்தனவற்றால் விளங்குதலும், அறிந்தனவும் பின்வருவனவற்றால் புதுப்பொருள் பெறுதலும் ஆகிய இவ்விரு வழி ஓட்டமே கருப்பொருட் புதிரின் தலையாய இன்பம்.

இவ்வடிவம் விளையாட்டிற்கு மட்டும் உரியதன்று. ‘கார்டியன்’ இதழில் அராக்கேரியா என்னும் பெயரில் நெடுங்காலம் புதிர் இயற்றிய சான் கிரகாம் என்னும் குருவானவர், தமக்குப் புற்றுநோய் உற்றதை 2013ஆம் ஆண்டு சனவரியில் ஒரு கருப்பொருட் புதிரின் வழியே தம் வாசகர்க்கு அறிவித்தார். விடைகளை நிரப்பியவர்க்கே செய்தி தெரிந்தது. அவ்வாண்டு நவம்பரில் தம் 92ஆம் அகவையில் அவர் மறைந்தார். பல்லாண்டு தம்மோடு சொல்லாடியவர்க்குத் தம் மொழியிலேயே அவர் விடைகூறினார் எனலாம்.

பாலாற்று நிலத்தைக் கருவாகக் கொண்டாலும் ஒரு கடப்பாடு நேர்கின்றது. கர்நாடகத்து நந்தி மலைப்பகுதியில் தோன்றும் அவ்வாறு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே கடல் நோக்கிச் செல்வது. தோல் பதனிடும் ஆலைகளின் உப்பும் கழிவும் அவ்வாற்றையும் நிலத்தையும் கிணற்றையும் கெடுத்தமை பற்றி வேலூர் மக்கள் நல அமைப்பொன்று தொடுத்த வழக்கில், 1996ஆம் ஆண்டு ஆகத்து 28ஆம் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே அதற்கு ஈடுசெய்தல், தீங்கு நேருமுன் காத்தல் என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியே என அத்தீர்ப்புக் கூறிற்று. விவசாயத்தினுள் சாயம் என்னும் குறிப்பும், நிலைகுலைந்த நகரம் என்னும் குறிப்பும் இச்செய்தியோடு இயைந்தனவே. ஆலைகளால் வாழும் குடிகள் பலவாதலின், ஆம்பூரின் வெற்றி என்பதும் அதே புதிரில் இடம்பெற்றது. கருவை எடுத்தவர் அதன் ஒருபுறத்தை மட்டும் காட்டுதல் முறையன்று.

9. நாட்றம்பள்ளி

வாணியம்பாடிக்கும் பர்கூருக்கும் இடையே சென்னை பெங்களூர்ப் பெருவழியில் அமைந்த இவ்வூரின் பெயர், நாட்றம்பள்ளி, நாட்றாம்பள்ளி, நாட்டறம்பள்ளி என மூவகையாக எழுதப்படுகின்றது. பேச்சில் இவ்வேறுபாடு பெரிதன்று. கட்டத்தில் எழுதப் புகின், முன்னிரண்டும் ஏழு கட்டங்கள். மூன்றாவது எட்டு. முன்னிரண்டனுள்ளும் மூன்றாம் கட்டம் ற ஆகவும் றா ஆகவும் வேறுபடும். எந்த வடிவத்தைக் கொள்வது?

டகர மெய்யை அடுத்து க, ச, ப என்பனவும் டகரமுமே நிற்கும் என்பது மெய்ம்மயக்க விதி. டகர மெய்யின்பின் றகரம் நிற்றற்கு விதியில்லை. ஆகவே நாட்டறம்பள்ளி என்பதே இலக்கண அமைதி உடையது. ஏனையவை பேச்சில் உயிர்கெட்டுக் குறுகிய வடிவங்கள் எனக் கொள்ள இடமுண்டு. இம்முடிபின்படி யாம் இயற்றிய குறிப்பு:

தேயத்தின் ஒழுக்கம் கற்குமிடம், பெருவழியில் ஓர் ஊர் (8)

நாட்டு, அறம், பள்ளி என்னும் மும்மூன்று கட்டங்கள் கொண்ட சொற்கள், குற்றியலுகரம் கெட்டு எட்டுக் கட்டமாகின்றன. பிறைக்கோட்டில் 8 என்று எழுதுமிடத்தே யாம் ஒரு பாடத்தைத் தேர்ந்து கொண்டோம் என்பது உணரத்தக்கது. விடுவிப்பவர் ற என்னும் கட்டத்தின் வழியே செல்லும் கீழ்நோக்கிய சொல்லைக் கொண்டு அப்பாடத்தைச் சரிபார்ப்பர். ஏட்டில் சிதைந்த எழுத்தை எதுகையும் தளையும் கொண்டு உறுதி செய்யும் பதிப்பாசிரியர் செயலும் இதுவேயாம். இரு வேறு வழிகளால் வந்த சான்றுகள் ஓரெழுத்தில் உடன்படும்போது உண்டாகும் அமைதி, இரு துறையினர்க்கும் பொது.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டும். குறிப்பிற்காகச் செய்த பிரிப்புச் சொற்பிறப்பாகாது. நாட்டின் அறம் கற்பித்த பள்ளி இருந்தமையால் ஊர் அப்பெயர் பெற்றது என்று யாம் கூறவில்லை. வாணி பாடியதால் வாணியம்பாடி என்பதற்குத் தலக்கதை வழங்குகின்றதாயினும், வாணிகத்தைக் குறிக்கும் வாணியம் என்னும் சொல்லும், குடியிருப்பைக் குறிக்கும் பாடி என்னும் சொல்லும் உண்டென்பதை ஆராய்ச்சியாளர் மறத்தல் கூடாது. ஊர்ப்பெயராய்ச்சி என்னும் பெயரால் அச்சேறும் கட்டுரைகள் சில, உண்மையில் நல்ல குறுக்கெழுத்துக் குறிப்புகளாகவே இருக்கின்றன. எழுத்துகள் பொருந்துவது ஒன்றே அவற்றின் சான்று. குறிப்பு இயற்றிப் பழகியவர், எவ்வளவு எளிதாக ஒரு பெயரைப் பல்வகையாகப் பிரிக்கலாம் என்பதை அறிவராதலின், அப்பிரிப்புகளில் எளிதில் மயங்கார். விளையாட்டை விளையாட்டென்று அறிந்து ஆடுவதே ஆராய்ச்சியை விளையாட்டினின்று காக்கும் வழி.

10. முடிவுரை

இப்புதிரை எம் முதுகலை மாணவர்க்குக் கொடுத்தோம். பாலாற்றங்கரையிற் பிறந்த மாணவர் ஒருவர் பெரும்பகுதியை நிரப்பிவிட்டு, ‘பாலாறு’ என்னும் விடையை மட்டும் எழுதாது வைத்திருந்தார். விடை தெரியவில்லையோ என வினவினோம். “தெரிகிறது ஐயா. ஆனால் ‘ஓடுவது’ என்று குறிப்பில் உள்ளது. 2021ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தில் கண்டேன். மற்ற நாளில் நான் கண்டது மணல். சொற்கூறு சரி, பொருட்கூறு சரியில்லை” என்றார்.

அவர் கூற்று முறையானது. குறிப்பு மறைக்கலாம், பொய்க்கலாகாது என்பது இக்கலையின் முதல் விதி. எழுத்துகள் பொருந்தியமையால் யாம் பொருளின் உண்மையை நோக்காது விட்டோம். அம்மாணவர் சொற்கூறு ஒன்றோடு அமையாது, இருகூறும் உடன்படுமளவும் விடையெழுத மறுத்தார். பாடம் ஓதுவார்க்கும் உரை காண்பார்க்கும் பதிப்பிப்பார்க்கும் வேண்டும் பண்பு அதுவே. இதனைப் பயிற்றுதற்கு ஏற்ற கருவியாதல் பற்றியே கருப்பொருட் குறுக்கெழுத்தைத் தமிழாய்வார் மேற்கொள்ளத்தக்கது என்கின்றோம்.

குறிப்பை யாம் மாற்றினோம். கறந்ததும் சுவைத்தொகையும் கலந்து வேலூரில் ஓடவேண்டியது என இப்போது அது நிற்கின்றது. கட்டங்கள் அவ்வாறே மூன்று.